ஒரே சைக்கிள், இரண்டு தேய்மானக் கணக்கு

கேள்வி: புனேயில் மழை மாதங்களில் வீட்டுக்குள் டிரெய்னரிலும் மற்ற மாதங்களில் சிங்ககட் மலைச் சாலையிலும் ஒரே சைக்கிளை ஓட்டினால், பாகங்களின் தேய்மானத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: தேய்மானம் சைக்கிளுக்கு மொத்தமாக வருவதில்லை, பாகத்துக்குப் பாகம் மாறும். பின்சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் டிரெய்னரில் டயரும் பிரேக் பேடும் தேய்வதே இல்லை. செயின், செயின்ரிங், பெடல் ஆகியவை இரண்டு இடத்திலும் உழைக்கின்றன. காசெட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) மட்டும் வீட்டுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று. எனவே குறிப்பேட்டில் பாகத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதே சரியான முறை. சக்கரத்தை உருளையில் அழுத்தும் பழைய வகை டிரெய்னரில் பின்டயரும் தேயும்.

டிரெய்னர் காட்டும் கிலோமீட்டரைச் செயின் கணக்கில் சேர்ப்பது பிழை. திரையில் ஓடும் தூரத்தை மிதிக்கும் திறனிலிருந்து (வாட்) மென்பொருள் கணிக்கிறது. மெய்நிகர் இறக்கத்தில் மிதிக்காமலே தூரம் கூடும். உள்ளே ஓட்டியதை மணிக்கணக்கில் எழுதுவது நம்பகமானது.

செயினை எப்போது மாற்றுவது என்பதில் இறுதித் தீர்ப்பு அளவுகோலுக்கே. புதிய செயினில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மி.மீ. அது சுமார் 1.5 மி.மீ. கூடினால் 0.5 சதவீதத் தேய்மானம். 11, 12 வேகச் செயின்களை அப்போதே மாற்ற வேண்டும். தாமதித்தால் இரண்டு காசெட்டுகளும் சேர்ந்து கெடும். மழைச்சேறும் மணலும் படிந்த செயின் வேகமாகத் தேயும். சிங்ககட் இறக்கம் பிரேக் பேடைத் தின்னும்.

வீட்டுக்குள் எதிரி வியர்வை. அதன் உப்பு ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் அலுமினியத்தையும், ஸ்டெம் திருகுகளையும் ஓசையின்றி அரிக்கும். டிரெய்னர் பருவம் முடிந்ததும் டேப்பைப் பிரித்துப் பார்ப்பது கட்டாயம்.