சினைமாட்டுக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் எண்ணெய்க் கணக்கு

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு செராமிக் பொம்மைதான் ஞாபகம் வரும். சுற்றுவட்டாரத்துக்கோ மல்லாட்டையும் (நிலக்கடலை) எள்ளும் முந்திரியும்தான் சோறு. வி.ஆர்.ஐ. என்ற பெயரில் இவற்றின் ரகங்களை வெளியிடும் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் இருக்கிறது. இப்படி எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் பஞ்சமில்லாத ஊரில், "மாடு சினை நிக்கலையா, ஒரு ஆழாக்கு நல்லெண்ணெய் ஊத்து" என்று சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. கொழுப்புக்கும் கருவுக்கும் தொடர்பு உண்டுதான். 1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டார்கள். பெட்டை எலிகளின் சினைமுட்டை வெளிவருவதே தாறுமாறானது. ஆனால் எந்தக் கொழுப்பு, எந்த நாளில் என்று பார்க்க வேண்டும்.

1. புண்ணாக்கு வாங்கும்போது, ஆட்டி எடுத்ததா, எண்ணெய் முழுக்க நீக்கியதா என்று கேளுங்கள். செக்குப் புண்ணாக்கில் 7, 8 சதவீத எண்ணெய் மிச்சம் இருக்கும். எண்ணெய் நீக்கியதில் 1 சதவீதம் தேறினால் அதிகம். செக்குப் புண்ணாக்கு போடுகிறவர்கள் மேற்கொண்டு எண்ணெய் ஊற்ற வேண்டாம். மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் வைக்கோல் செரிக்காது, சாணி இளகிவிடும்.

2. மாட்டுக்கு ஊற்றிய நல்லெண்ணெய் நல்லெண்ணெயாகவே குடலுக்குப் போவதில்லை. முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் அதில் பெரும்பகுதியை நெய், டால்டா போன்ற கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடும். அந்த ஆழாக்கு எண்ணெயை வீட்டுத் தாளிப்புக்கே வைத்துக்கொள்ளலாம்.

3. கன்று போட்டு மூன்று மாதமாகியும் பருவத்துக்கு வராத கறவை மாடு பெரும்பாலும் இளைத்த மாடாக இருக்கும். தின்பதைவிடப் பாலில் போவது அதிகமானால், சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களை மூளை அடக்கிவைக்கும். இந்த நிலை வராமல் தடுக்கத்தான் பைபாஸ் கொழுப்பு. கால்சியத்தோடு சேர்த்து உப்பாக்கியதால் முதல் இரைப்பையில் கரையாமல் தப்பி, புளிப்பான நான்காம் இரைப்பையில் கரையும். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறும்; கருவைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரோன் அதிலிருந்துதான் உருவாகிறது. கறவையைப் பொறுத்து நாளுக்கு 100 முதல் 150 கிராம் வரை, கன்று ஈன்றதிலிருந்து மூன்று மாதம் போதும். அளவைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொழுகொழுவென்று இருக்கும் மாட்டுக்கு இது தண்டச் செலவு.

4. சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறியுங்கள். 16, 17-ம் நாள்தான் கண்டம். கரு உள்ளே இருப்பதாகச் செய்தி வராவிட்டால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கும். புரோஜெஸ்ட்ரோன் நின்று, 21-ம் நாள் மாடு திரும்பக் கத்தும். எள், மல்லாட்டையில் உள்ள ஒமேகா-6 அந்தப் பொருளுக்கு மூலச்சரக்கு. பசும்புல், ஆளிவிதையில் உள்ள ஒமேகா-3 அதைக் குறைக்கும் வகை. ஆளிவிதை கொடுத்துச் செய்த ஆய்வுகளில் பலன் ஒரே மாதிரி வரவில்லை என்பதால், காசு போட்டு அதை வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த வாரங்களில் பசுந்தீவனத்தைக் குறைக்காமல் போட்டாலே போதும்.

5. பூசணம் பிடித்த மல்லாட்டைப் புண்ணாக்கைக் காயவைத்தோ வேகவைத்தோ போடாதீர்கள். அஃப்ளாடாக்சின் அதற்கெல்லாம் போகாது, பாலிலும் இறங்கும்.

6. பொலிகாளைக்கும் கிடாவுக்கும் பருத்திப் புண்ணாக்கை அள்ளிப் போட வேண்டாம். அதிலுள்ள காசிபால் விந்தணுவைக் கெடுக்கும்.

7. இனி வீட்டுக்குள் வருவோம். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு மலச்சிக்கல் என்றால் பாட்டிமார் கை முதலில் விளக்கெண்ணெய்க்குத்தான் போகும். வேண்டவே வேண்டாம். அந்த எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். புரோஸ்டாகிளாண்டின் வந்து உட்காரும் இடத்திலேயே இதுவும் உட்கார்ந்து, குடலையும் கருப்பையையும் சுருங்க வைக்கிறது. 2012-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள், அந்த இடமே இல்லாத சுண்டெலிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். பேதியும் ஆகவில்லை, கருப்பையும் சுருங்கவில்லை. வலி வர வேண்டும் என்று நாள் நெருங்கிய பெண்ணுக்குக் கொடுக்கும் வழக்கத்திலும் விஷயம் இருக்கிறது என்றே இதற்கு அர்த்தம். அதனால்தான் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. தாளிக்கும் நல்லெண்ணெய் கருவைக் கலைக்கும் என்ற பயத்துக்கு அப்படி ஒரு ஆதாரமும் இல்லை.

8. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆளிவிதை வாங்கினால் மொத்தமாகப் பொடிக்காதீர்கள்; வெளிச்சமும் சூடும் பட்டால் சிக்கடிக்கும். மூடியுள்ள பீங்கான் ஜாடியில் முழு விதையாக வைத்து, வேண்டியபோது பொடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டிலைவிட நம்ம ஊர் ஜாடி மேல்.

9. கர்ப்பிணிக்கு மீன் வாங்கினால் மத்தி, கானாங்கெளுத்தி. கடலூரிலிருந்து வருவதில் விலை குறைந்தவையும் ஒமேகா-3 நிறைந்தவையும் இவைதான். 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ம் ஆண்டு காக்ரேன் தொகுப்பின்படி, ஒமேகா-3 எடுத்த பெண்களில் 34 வாரத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 46-லிருந்து 27 ஆகக் குறைந்தன. பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது. பாதரசம் சேரும் பெரிய சுறாவை மட்டும் பிரசவம் முடியும்வரை தள்ளி வையுங்கள்.