கிளைகால்: கடைக்காரர் அறிய வேண்டியவை

நாம் விற்கும் கேக் எசன்ஸ் பலவற்றிலும், வண்டிக்கு ஊற்றும் கூலன்ட்டிலும் ஒரே குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் பொதுப்பெயர் கிளைகால். ஒன்று உணவுக்கு ஆகும், மற்றது நஞ்சு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் மூன்று வகைகளை நாம் அறிந்திருப்பது அவசியம்.

1. எத்திலீன் கிளைகால்: நிறமற்ற, மணமற்ற, இனிப்பான, சற்றுக் கெட்டியான திரவம். கொதிநிலை சுமார் 197 டிகிரி செல்சியஸ். குளிர்நாடுகளில் ரேடியேட்டர் நீர் உறையாமல் இருக்கக் கலக்கிறார்கள். போடிமெட்டுக்கும் குமுளிக்கும் ஏறும் நம் ஜீப், லாரிகளுக்கோ நீர் எளிதில் கொதிக்காமல் இருக்க உதவுகிறது. பாலியஸ்டர் நூலுக்கும் இது மூலப்பொருள். குடித்தால் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும்.

2. டை எத்திலீன் கிளைகால்: முன்னதைத் தயாரிக்கும்போது உடன் கிடைப்பது. பிசின், சாயத் தொழில்களில் பயன்படுகிறது. இதுவும் இனிக்கும் நஞ்சே.

3. புரோப்பிலீன் கிளைகால்: உணவுத் தரமுள்ளது எசன்ஸிலும், மருந்துத் தரமுள்ளது சிரப்பிலும் கரைப்பானாகச் சேர்கிறது. தொழிற்சாலைத் தரச் சரக்கு வாய்க்கு ஆகாது.

தரம் மாறினால் என்ன ஆகும்? 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டை எத்திலீன் கிளைகால் கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்டு 14 நோயாளிகள் இறந்தனர். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிப் இருமல் மருந்தில் அதே நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். மருந்துத் தரமில்லாத புரோப்பிலீன் கிளைகாலைப் பில் இல்லாமல் வாங்கியதைத் தமிழக அதிகாரிகளின் ஆய்வு காட்டியது. சரக்கு கைமாறும் இடத்தில் இருப்பவர்கள் வணிகர்களாகிய நாம். ஆகவே:

• எசன்ஸ், கிளிசரின் போன்றவற்றைப் பில்லும் லேபிளும் இல்லாமல் வாங்க வேண்டாம். பெரிய கேனிலிருந்து பிரித்துச் சில்லறையாக விற்க வேண்டாம்.

• கூலன்ட் பச்சை, சிவப்பு நிறங்களில் சர்பத் போலவே இருக்கும். குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. உணவுப் பண்டங்களுக்கு அருகில் அடுக்கவும் கூடாது.

• காலி கேனைக் கழுவி எண்ணெய், தேன் ஊற்றக் கூடாது.

• யாரேனும் குடித்துவிட்டால், "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று காத்திருக்கக் கூடாது. முதலில் மதுமயக்கம் போலத்தான் தெரியும். சிறுநீரகம் பிறகே பழுதாகும். கேனையும் எடுத்துக்கொண்டு உடனே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும்.

விலை மலிவு என்று வரும் சரக்கின் தரத்தைக் கேட்டு வாங்குவோம். ஐயமுள்ள சரக்கைத் திருப்பி அனுப்புவதில் வரும் நட்டம் சிறிது.