வெண்கோயிலும் மக்கள் கருத்தும்

நுழையும்முன்

இயற்கைச் சீற்றம் ஒரு கோயிலைச் சிதைக்கும்போது கல்லும் சுண்ணமும் மட்டும் விழுவதில்லை; அதனைச் சூழ்ந்து வாழும் மக்களின் மனமும் உலைகிறது. இடிந்ததை மீட்டெடுப்பதா, அப்படியே விட்டுவிடுவதா, அதனை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்கள் அப்போது எழுகின்றன. தாய்லாந்து நாட்டில் ஓவியர் ஒருவர் எழுப்பிய பௌத்தக் கோயிலை முன்வைத்து அவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

ஒரே கரையில் இரு நெறிகள்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கிளியனூர். அதற்கு வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் உப்புப் பாத்திகளை மூழ்கடிக்கிறது; வரப்புகள் கரைகின்றன. மழை ஓய்ந்ததும் உப்பளத் தொழிலாளர் சேற்றை வாரி, தரையைக் காலால் மிதித்து இறுக்கிப் பாத்திகளை மீண்டும் அமைக்கின்றனர். பழைய இடத்தில், பழைய முறைப்படி, புதிய பாத்தி உருவாகிறது.

அக்கடற்கரையிலேயே சற்று வடக்கில் ஆலம்பரைக் கோட்டை நிற்கிறது. 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சிதைத்த அக்கோட்டை பின்னர் எழுப்பப்படவில்லை. உடைந்த செங்கல் மதில்களே இன்று அதன் வரலாற்றைக் கூறுகின்றன. அழிந்ததை மீண்டும் அமைத்தல், எஞ்சியதை எஞ்சியவாறே விடுதல் ஆகிய இரு நெறிகளையும் அக்கரை நமக்குக் காட்டுகிறது. எந்நெறி எதற்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்தல் எளிதன்று. அதனினும் கடினமான ஒரு சூழல் 2014-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் நேர்ந்தது.

ஓவியர் எழுப்பிய கோயில்

தாய்லாந்தின் வடகோடியில் உள்ளது சியாங் ராய் மாநிலம். அங்குள்ள ரோங் குன் என்னும் சிற்றூரில் 1955-இல் பிறந்தவர் சலேர்ம்சாய் கோசித்பிபாட். இவர் சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றவர். 1980-களில் இலண்டன் நகரின் புத்தபதீப விகாரைச் சுவர்களில் ஓவியர் பலருடன் சேர்ந்து ஓவியம் தீட்டினார். மரபான பௌத்தக் காட்சிகளுக்கு இடையே தம் கால மனிதரின் உருவங்களையும் வரைந்ததால், அப்பணி பாராட்டுடன் கண்டனத்தையும் பெற்றது.

பிறந்த ஊரின் பழங்கோயில் சிதிலமடைந்து கிடந்தது. அதனைத் தம் பொருளைக்கொண்டு புதிதாக எழுப்பும் பணியை 1997-இல் அவர் தொடங்கினார். தாய்லாந்துக் கோயில்கள் பொன்னிறத்தில் ஒளிர்வது வழக்கம். இவரோ கோயில் முழுவதற்கும் வெண்ணிறத்தைத் தெரிவு செய்தார். வெண்மை புத்தரின் தூய்மையையும், சுவரில் பதித்த கண்ணாடித் துண்டுகள் அவரது ஞான ஒளியையும் குறிப்பன என்பது அவர் தரும் விளக்கம். நூற்றுக்கணக்கான கைகள் கீழிருந்து மேல்நோக்கி நீளும் பள்ளத்தின் மேல் அமைந்த பாலத்தைக் கடந்தே கருவறையை அடைதல் வேண்டும். கரைகாணா ஆசையைக் கடந்து செல்வதற்கு அக்காட்சி உருவகமாகும். உட்சுவரிலோ திரைப்பட வீரர்களும், எரியும் இரட்டைக் கோபுரங்களும், ஏவுகணைகளும் இடம்பெற்றுள்ளன. பொன்னிறத்தில் மின்னும் மாளிகை ஒன்றும் வளாகத்தில் உண்டு. அது கழிப்பறைக் கட்டடம் என்பதை அறியும்போது காண்போர் வியப்படைகின்றனர்.

பெருஞ்செல்வர் தம் நன்கொடையால் வடிவமைப்பில் தலையிடக் கூடாது என்று கருதிய சலேர்ம்சாய், ஒருவர் வழங்கும் கொடைக்கு 10,000 பாத் என எல்லை வகுத்தார். முழுப்பணியும் 2070-ஆம் ஆண்டளவில்தான் நிறைவுறும் என மதிப்பிட்டு, தமக்குப் பின்னும் பணி தொடரும் வகையில் சீடர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

நிலம் அதிர்ந்த மாலை

2014-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் மாலை, ஆறு மணி அளவில் சியாங் ராய் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 6.3 எனத் தாய்லாந்து அறிவித்தது. அந்நாட்டில் கருவிகளால் பதிவான நிலநடுக்கங்களுள் மிக வலியது இது. வீடுகளும் பள்ளிகளும் கோயில்களும் சேதமுற்றன. வெண்கோயிலின் கோபுர முனை சிதைந்தது, கூரை ஓடுகள் சரிந்தன, சுவர்கள் வெடித்தன, ஓவியம் தாங்கிய காரை பெயர்ந்து விழுந்தது.

ஏறத்தாழ பதினேழு ஆண்டு உழைப்பு கண்முன் சிதைந்து கிடந்த நிலையில், பார்வையாளரின் பாதுகாப்பைக் கருதிக் கோயிலை இடித்துவிடப் போவதாகச் சலேர்ம்சாய் அறிவித்தார். செய்தி நாடெங்கும் பரவியது. பொறியாளர் குழு கட்டடங்களை ஆய்ந்தது. எடையைத் தாங்கும் தூண்களும் உத்தரங்களும் உறுதியாகவே உள்ளன. சேதம் மேற்பூச்சு, அணிவேலை, கூரை ஆகியவற்றோடு நிற்கிறது என்பது அவ்வாய்வால் தெரியவந்தது. உதவி அளிப்பதாகவும் உறுதிமொழிகள் வந்தன. அதன்பின் ஓவியர் தம் முடிவை மாற்றிக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் கோயிலைப் பழைய எழிலுக்குக் கொண்டுவருவதாகவும், வரும் நன்கொடையை நிலநடுக்கத்தால் சிதைந்த பிற கோயில்களையும் பள்ளிகளையும் சீரமைக்க வழங்குவதாகவும் அறிவித்தார்.

முரண்படும் நியாயங்கள்

இத்தகைய சூழலில் மக்கள் கருத்து ஒருமுகமாக அமைவது அரிது. வெவ்வேறு தரப்புகளை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும்.

படைத்தவருக்கே உரிமை என்பது முதல் தரப்பு. ஓவியன் தன் ஓவியத்தை அழிக்கலாம். கவிஞன் தன் ஏட்டைக் கிழிக்கலாம். தம் பொருளால், தம் கற்பனையால் எழுப்பிய கோயிலை வைத்திருப்பதா நீக்குவதா என்பதை ஓவியரே முடிவு செய்யட்டும் என்பர் இத்தரப்பினர்.

வழிபடும் இடம் தனியுடைமை ஆகாது என்பது இரண்டாம் தரப்பு. மக்கள் கைகூப்பிய கணத்திலேயே கோயில் ஊருக்கு உரியதாகிவிடுகிறது. சிறுகொடை அளித்தோரும், அதனை நம்பிக் கடை நடத்துவோரும் அதில் பங்குடையவர் ஆகின்றனர். ஆகவே ஒருவரின் துயரத்தால் மட்டும் அதன் விதி முடிவாகக் கூடாது என்பர் இவர்கள்.

மூன்றாம் தரப்பு முன்னுரிமையைப் பற்றியது. குடியிருக்க வீடின்றி மக்கள் தவிக்கும்போது, பள்ளிகள் சரிந்து கிடக்கும்போது, அணிவேலைமிக்க கோயிலுக்குப் பொருள் திரட்டுவது முறையா என்று அது வினவும். மரபை மீறிய கோயில் என்பதால், அதனை மீட்க வேண்டுமா என்ற ஐயமும் சிலரிடம் எழக்கூடும்.

இத்தரப்புகளுள் எதனையும் முற்றிலும் தள்ளிவிட இயலாது. கொடையைப் பள்ளிகளுக்கும் பிற கோயில்களுக்கும் திருப்பிய அறிவிப்பு மூன்றாம் தரப்பின் வினாவுக்கு விடையாக அமைந்தது. கட்டடம் உறுதியாக உள்ளதென ஆய்வு காட்டியதால், இடிப்பதற்குக் கூறப்பட்ட காரணமும் நீங்கியது. உணர்ச்சி மேலோங்கிய பொழுதில் எழுந்த முடிவை அறிவும் ஆய்வும் திருத்தின.

தெரிந்து தெளிவோம்

அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துக் கல்லால் புதிதாக எடுக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டான். அப்போது சுவரிலிருந்த கல்வெட்டுகள் ஏட்டில் படியெடுக்கப்பட்டன. பணி முடிந்தபின், இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. கட்டடம் மாறினும் சான்று மாறலாகாது என்னும் விழிப்புணர்வை இச்செய்தி புலப்படுத்துகிறது.

தமிழ் மண்ணின் பட்டறிவு

கோயிலைப் புதுப்பிப்பது தமிழர்க்குப் புதிதன்று. திருப்பணியும் குடமுழுக்கும் அதற்கென அமைந்த நெறிகளாகும். 2010-இல் சரிந்த திருக்காளத்திக் கோயிலின் இராசகோபுரம் மீண்டும் எழுப்பப்பட்டு 2017-இல் குடமுழுக்குக் கண்டது. மாறாக, 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட முருகன் கோயிலைத் தொல்லியல் துறையினர் புதிதாகக் கட்டவில்லை. கிடைத்த அடித்தளத்தை அவ்வாறே காத்துவருகின்றனர். வழிபாடு தொடரும் இடத்தில் மீட்டெடுத்தலும், வரலாறு மட்டும் எஞ்சிய இடத்தில் பாதுகாத்தலும் பொருந்தின.

நாகப்பட்டினமோ வேறொரு பாடத்தைத் தருகிறது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் ஆதரவுடன் கடாரத்து அரசன் அங்குச் சூளாமணி விகாரத்தை எழுப்பினான். ஆனைமங்கலம் என்னும் ஊர் அதற்குக் கொடையாக அளிக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அந்நகரின் பௌத்தச் சிறப்புக்கு எச்சமாக 19-ஆம் நூற்றாண்டுவரை நின்ற செங்கல் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. வழிபடுவோர் அங்கு இல்லை. காக்க வேண்டும் என்னும் குரல் வலுப்பெறவில்லை. இன்று அதன் தோற்றத்தை அறிய, அக்காலத்தில் வரையப்பட்ட படமும் எழுதப்பட்ட குறிப்புகளுமே உதவுகின்றன. மக்கள் கருத்து வலுவாக எழாத இடத்தில் எது இழக்கப்படும் என்பதற்கு நாகை சான்றாகிறது.

மீட்டெடுத்தலின் அறம்

மரபுவழிக் கோயில் சிதைந்தால் அதனை மீண்டும் எடுக்க ஆகமமும் சிற்பநூலும் வழிகாட்டும். தனியொருவரின் கற்பனையில் உருவான கோயிலுக்கு அத்தகைய நூல் இல்லை. அவரது உள்ளமும் கையும் மட்டுமே அதற்கு இலக்கணம். அவர் இருக்கும்போது மீட்டெடுத்தல் இயலும். அவருக்குப் பின் பயிற்சி பெற்ற சீடர்களும் முறையான ஆவணங்களும் இருந்தால்தான் இயலும். எனவே கலைச்செல்வத்தைக் காக்கும் பணி, அது சிதைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் ஆய்வு, அடுத்துக் கலந்துரையாடல், அதன்பின் முடிவு என்பதே சிதைந்த கட்டடத்தின் முன் நிற்கும் சமூகம் பின்பற்றத்தக்க முறை. படைத்தவரின் மனம், வழிபடுவோரின் உரிமை, வறியோரின் தேவை ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணும் கருத்தே பொதுக்கருத்து எனத்தகும். ஓங்கி ஒலிக்கும் குரலெல்லாம் பொதுக்கருத்து ஆகிவிடுவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் சிதைந்த நிலையில் உள்ள கோயில், கோட்டை, சத்திரம், குளம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்து, அதனைப் புதுப்பிக்க வேண்டுமா, உள்ளவாறே காக்க வேண்டுமா என்பது குறித்து ஊர்ப் பெரியோர் ஐவரின் கருத்துகளைத் தொகுக்க.

2. ‘கலைப்படைப்பின் மீது படைத்தவருக்கே முழு உரிமை உண்டு’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. திருமழபாடிக் கல்வெட்டுச் செய்தியையும் நாகப்பட்டினத்துக் கோபுரத்தின் வரலாற்றையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.