புதிய வழங்கி வாங்கலாமா? தலைமுறை மாற்றத்தைக் கணக்கிடும் முறை

நம் பேரவையில் இருந்து பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர்களில் பலர் கணினித் துறையில் வேலைக்குச் சேர்கின்றனர். சேர்ந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களுடைய மேசைக்கு ஒரு கேள்வி வந்து சேரும். "நம்முடைய வழங்கிகளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. புதிய தலைமுறை வந்திருக்கிறதாம். வாங்கலாமா, வேண்டாமா? அறிக்கை எழுதிக் கொடுங்கள்." இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் முறையைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடமும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. அனுபவத்தில் கற்றுக்கொண்டதை இளைய மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வழியாகத்தான். நான் வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில் மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு மிகவும் தாமதமாகும். கணக்குப் பிரிவினர் இரவு வெகுநேரம் காத்திருப்பார்கள். வழங்கி பழையது என்பதுதான் காரணம் என்று முடிவு செய்து, அதிகக் கோர் கொண்ட புதிய தலைமுறை வழங்கிகளை வாங்கும்படி பரிந்துரைத்தேன். அறிக்கையில் இருந்த எண்கள் எல்லாம் தயாரிப்பாளரின் விளம்பர ஏட்டில் இருந்து எடுத்தவை. புதிய வழங்கி வந்தது. கணக்கு முடிப்பு ஏறக்குறைய அதே நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பிறகு அளந்து பார்த்தபோது அந்த வேலை ஒரே ஒரு கோரில் மட்டும் ஓடுவதும், மற்றவை எல்லாம் சும்மா இருப்பதும் தெரிந்தது. அடுத்த ஆண்டு தரவுத்தள உரிமக் கட்டணம் கோர் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர்ந்து வந்தது. பணம் நிறுவனத்துடையது; அறிக்கையில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அளந்த பிறகு வாங்க வேண்டும் என்ற எளிய உண்மையை நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். அந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்கட்டும்.

1. தலைமுறை என்றால் என்ன?

வழங்கி, அதாவது சர்வர், மற்றக் கணினிகளுக்குத் தரவையும் சேவையையும் வழங்கும் கணினி. நிறுவனங்களில் இவற்றை ரேக் எனப்படும் இரும்புச் சட்டகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். ரேக்கின் உயரத்தை 'யூ' என்ற அலகால் அளப்பர். ஒரு யூ என்பது 1.75 அங்குலம், வழக்கமான ரேக் 42 யூ உயரம் கொண்டது.

வழங்கியின் தலைமுறை பெரும்பாலும் செயலியின் தலைமுறையோடு சேர்ந்தே மாறுகிறது. செயலி மாறினால் அதைத் தாங்கும் தாய்ப்பலகை மாறும். நினைவக வகை, விரிவாக்க அட்டைகளுக்கான பாதைகள், குளிர்விப்பு, மின்வழங்கி எல்லாம் தொடர்ந்து மாறும். எடுத்துக்காட்டாக, பலரும் அறிந்த டெல் பவர்எட்ஜ் வரிசையில் இரண்டு செயலி, இரண்டு யூ உயரம் கொண்ட வழங்கிகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் அதிகக் கோர் கொண்ட இன்டெல் சியோன் செயலிகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்730 (2014): சியோன் இ5-2699 வி4 (2016). 22 கோர். அடிப்படை வேகம் 2.2, உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். 145 வாட். நினைவகத் தடங்கள் 4, டிடிஆர்4-2400.

ஆர்740 (2017): சியோன் பிளாட்டினம் 8280 (2019). 28 கோர். 2.7, 4.0 கிகாஹெர்ட்ஸ். 205 வாட். தடங்கள் 6, டிடிஆர்4-2933.

ஆர்750 (2021): சியோன் பிளாட்டினம் 8380. 40 கோர். 2.3, 3.4 கிகாஹெர்ட்ஸ். 270 வாட். தடங்கள் 8, டிடிஆர்4-3200.

ஆர்760 (2023): சியோன் பிளாட்டினம் 8480+. 56 கோர். 2.0, 3.8 கிகாஹெர்ட்ஸ். 350 வாட். தடங்கள் 8, டிடிஆர்5-4800.

இதற்குப் பின் சியோன் 6 செயலியோடு ஆர்770 என்ற அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது. ஆனால் கணக்கிடும் முறையைக் கற்க இந்த நான்கே போதும்.

2. வகுத்துப் பாருங்கள்

விளம்பர ஏடு எப்போதும் மொத்தத்தைத்தான் சொல்லும். கோர்கள் 22இல் இருந்து 56 ஆயின, இரண்டரை மடங்கு. நினைவகத்தின் வேகத்தை நாமே கணக்கிடலாம். தடங்களின் எண்ணிக்கையை நினைவக வேகத்தால் பெருக்கி, அதை 8 பைட்டால் பெருக்க வேண்டும். ஆர்730இல் 4 × 2400 × 8, அதாவது ஒரு செயலிக்கு வினாடிக்கு 76.8 கிகாபைட். ஆர்740இல் 140.8. ஆர்750இல் 204.8. ஆர்760இல் 307.2. சரியாக நான்கு மடங்கு. பார்த்தவுடன் வாங்கத் தோன்றும்.

இப்போது இந்த எண்களைக் கோர் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு கோருக்குக் கிடைக்கும் நினைவக வேகம் முறையே 3.5, 5.0, 5.1, 5.5 கிகாபைட். ஆர்730இல் இருந்து ஆர்740க்கு வந்தபோது நல்ல முன்னேற்றம். அதன்பின் ஆர்760 வரை ஒரு கோரின் பங்கு பத்து விழுக்காடு அளவுக்கே கூடியிருக்கிறது.

மின்சாரத்தையும் அப்படியே வகுக்கலாம். ஒரு கோருக்கு 6.6, 7.3, 6.8, 6.3 வாட். இதிலும் பெரிய மாற்றம் இல்லை. ஒவ்வொரு கோரும் ஒரு துடிப்பில் முன்பைவிட அதிக வேலை செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் நான்கு தலைமுறைகளில் நமக்குப் பெரும்பாலும் கிடைத்தது வேகமான கோர் அன்று, அதிகமான கோர்.

ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் நூறு பேர் ரொட்டி சானாய் கேட்டு நின்றால், மாவு வீசுபவர்களையும் கல்லையும் கூட்டினால் வரிசை குறையும். ஆனால் ஒரே ஒருவர் நின்று ஒரே ஒரு ரொட்டி கேட்டால், பத்துப் பேர் மாவு வீசக் காத்திருந்தாலும் அது விரைவாக வேகாது. இணையத் தளம், மெய்நிகர் கணினிகள் போன்றவை நூறு பேர் நிற்கும் வரிசை. என் மாதக் கணக்கு முடிப்பு அந்த ஒற்றை ரொட்டி.

ஒற்றை ரொட்டி வேலைகளுக்கு உச்ச வேகத்தைப் பாருங்கள். மேலே உள்ள செயலிகளில் அது 3.6, 4.0, 3.4, 3.8 என்று ஏறி இறங்குகிறது. 8280இல் இருந்து 8380க்குச் செல்லும்போது குறைந்தே போகிறது. 8380 அறிமுகமான தலைமுறையில் ஒரு துடிப்பில் செய்யும் வேலை சராசரியாக 20 விழுக்காடு கூடியதாக இன்டெல் சொன்னது. உச்ச வேகம் 15 விழுக்காடு குறைந்திருப்பதால் அந்த இலாபம் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடுகிறது. என் அறிக்கையில் இந்தக் கணக்கு இல்லை.

3. உரிமக் கட்டணம்

பலரும் மறக்கும் செலவு இது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கு 2012 பதிப்பில் இருந்து கோர் எண்ணிக்கையில் உரிமம் விற்கிறது. விண்டோஸ் சர்வரும் 2016 பதிப்பில் இருந்து அதே வழிக்கு வந்தது. ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு இன்டெல் செயலிகளில் கோர் எண்ணிக்கையைப் பாதியாக்கி உரிமம் கணக்கிடுவர். விஎம்வேர் மென்பொருளுக்கு 2020இல் ஓர் உரிமம் 32 கோர் வரைதான் என்று வரம்பு வந்தது. அந்நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பின், ஒவ்வொரு கோருக்கும் சந்தா என்ற முறை வந்தது.

இதன் பொருள் என்ன? 20 கோர் செயலிகள் இரண்டு இருந்த வழங்கியை எடுத்துவிட்டு, 56 கோர் செயலிகள் இரண்டு கொண்ட வழங்கியை வைத்தால், உரிமம் வாங்க வேண்டிய கோர்கள் 40இல் இருந்து 112 ஆகின்றன. வழங்கியின் விலை ஒருமுறை செலவு. உரிமமும் அதன் பராமரிப்பும் ஆண்டுதோறும் வரலாம். பல இடங்களில் இரும்புப் பெட்டியைவிட அதற்குள் ஓடும் மென்பொருளே விலை கூடியது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. அதே ஆர்760 வழங்கியில் சியோன் கோல்டு 6444ஒய் என்ற செயலியைப் போடலாம். அதில் 16 கோர்கள்தாம். ஆனால் அடிப்படை வேகமே 3.6 கிகாஹெர்ட்ஸ். ஒரு கோருக்குக் கிடைக்கும் நினைவக வேகம் 19.2 கிகாபைட். இரண்டு செயலிகளுக்கும் சேர்த்து 32 கோருக்கு உரிமம் வாங்கினால் போதும். மின்சாரம் செயலிக்கு 270 வாட். கோருக்குக் கணக்கிட்டால் இது அதிகம். ஆனால் தரவுத்தளம் ஓட்டுவோருக்கு இது பெரும்பாலும் இலாபகரமான பேரம். ஆகவே தலைமுறையைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. அதற்குள் எந்தச் செயலி என்பது மீதிப் பாதி.

4. மின்சாரமும் வெப்பமும்

ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. ஓயாமல் ஓடும் வழங்கியின் சராசரி மின்தேவையை இதனால் பெருக்கினால் ஆண்டுச் செலவு தெரியும். நான்கு பழைய வழங்கிகள் ஒவ்வொன்றும் சராசரி 300 வாட் எடுக்கின்றன என்றும், அவற்றின் வேலையை 600 வாட் எடுக்கும் ஒரு புதிய வழங்கி செய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 600 வாட். ஆண்டுக்கு 5,256 கிலோவாட் மணி. குளிர்விப்பில் மிஞ்சுவது தனி. இப்படிப் பலவற்றை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் புதிய தலைமுறையின் உண்மையான சேமிப்பு கிடைக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினால் மின்கட்டணம் குறையாது, கூடவும் செய்யலாம்.

ஆனால் சேர்ப்பதிலும் எல்லை உண்டு. நான்கின் வேலையை ஒன்றில் வைத்தால், அந்த ஒன்று பழுதானால் நான்கும் நிற்கும். ஆகவே குறைந்தது இரண்டு வாங்க வேண்டும்; ஒன்று நின்றாலும் மற்றது சுமையைத் தாங்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் இதையும் சேர்த்துவிடுங்கள்.

ரேக்கின் மின் வரம்பையும் பாருங்கள். ஒரு ரேக்குக்கு 6 கிலோவாட் ஒதுக்கப்பட்டிருந்தால், உச்சத்தில் 500 வாட் எடுக்கும் பழைய வழங்கிகள் 12 வைக்கலாம். 1,000 வாட் எடுக்கும் புதியவை 6தான். ரேக்கில் இடம் இருக்கும், மின்சாரம் இருக்காது. மேல்நிலைச் செயலிகளைப் போட்டால் அறையின் வெப்பநிலை வரம்பும் குறையலாம். தயாரிப்பாளரின் தொழில்நுட்ப வழிகாட்டியில் இதற்கென அட்டவணை இருக்கும். வாங்கும் முன் படியுங்கள்.

நம் வட்டாரத்தில் இது சின்ன விஷயம் அன்று. 2020இல் சிங்கப்பூரின் மின்பயன்பாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு மையங்களுக்கே சென்றது. 2019இல் புதிய தரவு மையங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்ட அனுமதி, 2022இல்தான் நிபந்தனைகளோடு மீண்டும் திறந்தது. பல நிறுவனங்கள் ஜொகூருக்குச் சென்றன. 2023இல் சிங்கப்பூர் வெளியிட்ட வெப்பமண்டலத் தரவு மையத் தரநிலை, அறை வெப்பநிலையை 26 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் படிப்படியாக உயர்த்த வழிகாட்டுகிறது. ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் குளிர்விப்பு ஆற்றலில் 2 முதல் 5 விழுக்காடு வரை சேமிக்கலாம் என்பது அதன் கணக்கு. அறையைச் சூடாக்கச் சொல்லும் தரநிலையும், குளிர்ச்சி கேட்கும் செயலியும் ஒரே அறையில் சந்திக்கும்போது முடிவெடுப்பவர் நீங்களாக இருக்கலாம்.

5. எப்போது மாற்றத்தான் வேண்டும்?

மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தயாரிப்பாளரின் உத்தரவாதமும் பாதுகாப்புத் திருத்தங்களும் முடிந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். விரிவாக்கப் பாதைகள் போதாமல் வேகமான சேமிப்புத் தட்டுகளைப் பொருத்த முடியாவிட்டாலும் மாற்றலாம். ஆர்740இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, ஆர்750இல் 4.0, ஆர்760இல் 5.0, ஒவ்வொரு படியிலும் பாதையின் வேகம் இரட்டிப்பாகிறது. சேமிப்புத் தட்டுக்காகவோ வலையமைப்புக்காகவோ காத்திருக்கும் வேலைகளுக்கு இதுவே செயலியைவிடப் பெரிய இலாபம்.

மாற்றும்போது வரும் இடைஞ்சல்களையும் எழுதி வையுங்கள். டிடிஆர்4 நினைவகம் டிடிஆர்5 துளையில் பொருந்தாது. பழைய முதலீடு வீணாகும். பழைய, புதிய வழங்கிகளுக்கு இடையே மெய்நிகர் கணினிகளை ஓடும் நிலையிலேயே இடம் மாற்ற வேண்டுமானால், புதியதன் சிறப்பு வசதிகளை மறைத்துப் பழையதன் மட்டத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். நீங்கள் பயன்படுத்தும் இயங்குதளப் பதிப்பு புதிய செயலியை ஆதரிக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

6. அறிக்கை எழுதும் முன்

முதலில் ஒரு முழு மாதம் அளவெடுங்கள். மாதக் கடைசி அதற்குள் வர வேண்டும். மொத்தப் பயன்பாட்டை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு கோரையும், நினைவகத்தையும், தட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியே பாருங்கள். எது முதலில் நிரம்புகிறதோ அதுவே உங்கள் தடை. அந்தத் தடையைப் புதிய தலைமுறை எத்தனை மடங்கு தளர்த்துகிறது என்று கணக்கிடுங்கள். மற்ற எண்களை ஒதுக்கிவிடுங்கள். பிறகு வழங்கி, உரிமம், மின்சாரம் மூன்றையும் ஐந்தாண்டுக்குக் கூட்டுங்கள். முடிந்தால் விற்பனையாளரிடம் ஒரு வழங்கியைச் சில வாரங்களுக்குக் கடன் கேட்டு, உங்கள் சொந்த வேலையை அதில் ஓட்டிப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். நான் கேட்கவே இல்லை.

கணக்கெல்லாம் போட்ட பின் "இந்த முறை வேண்டாம், நினைவகத்தைக் கூட்டினால் போதும்" என்று பதில் வந்தால், அதைத் தயங்காமல் எழுதுங்கள். புதியதை வாங்கச் சொல்வது எளிது. எல்லாருக்கும் மகிழ்ச்சி தரும். தேவையில்லை என்று எண்களோடு சொல்பவரைத்தான் அடுத்த முறை நிறுவனம் தேடி வந்து கேட்கும்.

பயிற்சி

1. சியோன் கோல்டு 6248 செயலியில் 20 கோர், 150 வாட், 6 தடங்கள், டிடிஆர்4-2933. ஒரு கோருக்கான நினைவக வேகத்தையும் வாட் அளவையும் கணக்கிடுக. 6444ஒய் செயலியோடு ஒப்பிடுக.

2. கோர் கணக்கில் உரிமம் கேட்கும் தரவுத்தளத்தை இரண்டு 6248 செயலிகளில் ஓட்டுகிறீர்கள். இரண்டு 6444ஒய் செயலிகளுக்கு மாறினால் உரிமக் கோர்கள் எத்தனை குறையும்?

3. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உள்ள கணினி ஒன்றில் ஒரு நாள் முழுவதும் பயன்பாட்டை அளந்து, அதன் உண்மையான தடை எது என்று ஒரு பக்கத்தில் எழுதுக.