நக்கீரர் போட்ட பட்டியல்: முருகன் எங்கெல்லாம் இருக்கான்?



இன்னிக்கு ஒரு சின்னப் பாடம். நம்மில் பல பேர் முருகனைத் தேடறது ரெண்டே இடத்துல. ஒண்ணு கோயில். இன்னொண்ணு, வேண்டினது நடந்த நாள். அப்போ வேண்டினது நடக்காத நாள்ல அவன் எங்கே?

இதுக்கு நக்கீரர் எப்பவோ பதில் சொல்லிட்டார். பத்துப்பாட்டில் முதலாவதாக இருக்கும் திருமுருகாற்றுப்படையில் 317 அடிகள். திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய் (நம்ம திருச்செந்தூர்), திருவாவினன்குடி, திருவேரகம் என்று தலங்களை வரிசையாகச் சொல்லிக்கிட்டே வர்றார். ஐந்தாவதில் ஒரு ஊரின் பெயரே இல்லை. குன்றுதோறாடல், அதாவது குன்று எல்லாமே அவன் இடம். பழமுதிர்சோலைப் பகுதியில் இன்னும் நம்ம பக்கத்துல வந்துடறார். காடு, சோலை, ஆறு, குளம், தெருக்கள் சந்திக்கும் இடம், பூத்த கடம்பமரம், ஊர் ஜனம் கூடும் மன்றம்... இங்கெல்லாம் முருகன் இருக்கான்னு பட்டியல் போடறார்.

கவனிங்க, இதெல்லாம் ஜனங்க தினமும் கடந்து போற இடம்.

என் வேலையில ஒரு பழக்கம் உண்டு. சர்வர் நின்னுபோனாதான் லாக் ஃபைலைத் திறப்போம். ஒழுங்கா ஓடற நாள்ல உள்ளே ஆயிரம் விஷயம் சரியா நடந்திருக்கும், யாரும் பார்க்க மாட்டோம். நன்றிங்கறது நல்லா ஓடற நாளோட லாக்கையும் படிக்கறது.

போன வருஷம் ஆட்குறைப்புல எனக்கு வேலை போச்சு. நாலு மாசம். ஒவ்வொரு கிருத்திகைக்கும் விரதம் இருந்தேன், வேலை வரலை. ஆனா அந்த நாலு மாசமும் ரூம்மேட் என் பங்கு வாடகையைக் கேட்கவே இல்லை. மெஸ் அக்கா, "கணக்கு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல சாப்பிடு தம்பி"ன்னு இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துவாங்க. அம்மா ராத்திரி போன்ல வேலையைப் பத்திக் கேட்காம, "சாப்டியா?"ன்னு மட்டும் கேட்பாங்க.

வேலை போனது நல்லதுக்குன்னு நான் சொல்ல வரலை. கஷ்டம் கஷ்டம்தான். ஆனா நான் கேட்ட வழியில வராதவன், மெஸ் வழியா தினமும் மூணு வேளை வந்துக்கிட்டுதான் இருந்தான்.

இந்த வாரப் பயிற்சி: தூங்கறதுக்கு முன்னாடி, அன்னிக்கு நீங்க கடந்து வந்த ஒரு இடம், உங்களுக்கு உதவின ஒருத்தர், ரெண்டையும் நினைச்சு "முருகா"ன்னு ஒரு தடவை சொல்லுங்க. அடுத்த நாள் அந்த ஆளைப் பார்த்தா, "ரொம்ப நன்றிங்க"ன்னு வாய்விட்டே சொல்லிடுங்க. மனசுக்குள்ள வச்சிருக்கற நன்றி அவங்களுக்குப் போய்ச் சேராது இல்லையா?

வேலை தேடிக்கிட்டு இருக்கற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்புங்க. கூடவே ஒரு வேளை சாப்பாட்டுக்கும் கூப்பிடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚