கணினியில் புகுந்த கள்வன்

1986-ஆம் ஆண்டில் இலாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் இயற்றிய 'பிரெய்ன்' என்னும் நச்சுநிரல், நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியிலேயே குடிபுகுந்தது. கணினி விழித்தெழும்போதே அதுவும் விழித்துக்கொள்ளும். தன்னைத் தேடுவோர்க்கு நல்ல பகுதியையே எடுத்துக் காட்டும். திருடனே வாயிற்காவலனாக நின்றால் களவு வெளிப்படுவது எங்ஙனம்?

ஆவடியில் ஓர் இல்லத்துக் கணினியில் இத்தகைய நிரல் புகுந்தால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்தல் வேண்டும். பின்னர், நோயற்ற வேறொரு கணினியில் ஆயத்தம் செய்த பென்டிரைவிலிருந்து அதனை இயக்கித் துப்புரவு செய்தல் வேண்டும். அப்பொழுது வட்டிலுள்ள நச்சுநிரல் உறங்கியே கிடக்கும். 2017-இல் நடுவண் அரசு நிறுவிய சைபர் சுவச்தா கேந்திரம் விலையின்றி அளித்த கருவிகள் போன்றவற்றாலும் அது நீங்காவிடில், வட்டை முற்றும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே வழி. படியெடுத்து வையாத குடும்பப் படங்களும் உடன் அழியும்.