டிராக்டர் விசைத்தண்டும் புல் வெட்டும் கருவிகளும்

டிராக்டர் என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது உழவே ஆகும். ஆனால் டிராக்டர் கலப்பையையும் வண்டியையும் இழுக்கும் வாகனம் மட்டுமன்று. தன்னுடன் இணைக்கப்பட்ட வேறொரு கருவியைச் சுழற்றி இயக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. டிராக்டரின் பின்புறத்தில், மும்முனை இணைப்பின் கரங்களுக்கு நடுவே, நீளவாட்டில் பற்கள் வெட்டப்பட்ட குட்டையான எஃகுத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விசை எடுப்புத் தண்டு என்பது அதன் பெயர். உழவர்களும் ஓட்டுநர்களும் அதனைப் பி.டி.ஓ. என்றே அழைக்கின்றனர். ரோட்டவேட்டர், கதிரடிப்பு இயந்திரம், மருந்து தெளிப்பான், புல் வெட்டும் கருவி ஆகிய பலவும் இத்தண்டிலிருந்தே விசை பெறுகின்றன. இவற்றுள் புல் வெட்டும் கருவிகளை முறையாகவும் பாதுகாப்பாகவும் இயக்கும் வழியைத் தொடக்கநிலைப் பயிற்சியாளர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தூர், திருப்பதிப் பகுதியின் தேவை

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்தது சித்தூர் மாவட்டம். 1911 இல் உருவான இம்மாவட்டம் 2022 ஏப்ரல் 4 அன்று பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டத் தலைநகராயிற்று. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் பகுதி இது. மானாவாரி நிலக்கடலை, கரும்பு ஆகியவற்றுடன், கூழ் தயாரிப்புக்குப் பயன்படும் தோத்தாபுரி மாம்பழத்துக்கும் கறவை மாடு வளர்ப்புக்கும் இப்பகுதி பெயர் பெற்றது.

மாவும் மாடும் புல்லோடு தொடர்புடையவை. மழைக்குப் பின்னர் மாந்தோப்புகளில் மரங்களுக்கிடையே களைகள் அடர்ந்து வளர்ந்து, மண்ணின் ஈரத்தையும் சத்தையும் கவர்ந்துகொள்கின்றன. அவற்றை வெட்டி அங்கேயே மூடாக்காகப் பரப்பினால், பூக்கும் பருவத்திற்கு முன்னர் ஈரம் காக்கப்படும். கறவை மாடுகளுக்கோ பசுந்தீவனம் நாள்தோறும் தேவை. இவ்விரு பணிகளும் நெடுங்காலமாக அரிவாளாலேயே, பெரும்பாலும் பெண்களின் உழைப்பால், நடைபெற்று வந்துள்ளன. வேலையாட்கள் கிடைப்பது அரிதாகிவரும் சூழ்நிலையில், டிராக்டரின் விசையைக் கொண்டு புல் வெட்டும் முறை முக்கியத்துவம் பெறுகிறது.

விசை எடுப்புத் தண்டின் அமைப்பு

இத்தண்டு தரப்படுத்தப்பட்ட ஒன்றாகும். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 4931 இதற்குரியது. நம் நாட்டில் பெருவழக்கான வகை 35 மில்லிமீட்டர் விட்டமும் ஆறு பற்களும் கொண்டது. நிமிடத்திற்கு 540 சுற்றுகள் சுழல்வது. 1000 சுற்றுகள் சுழலும் வகையும் உண்டு. அது பெரும்பாலும் பெரிய டிராக்டர்களுக்கு உரியது. டிராக்டரின் பின்னால் நின்று நோக்கினால், தண்டு கடிகார முள் சுழலும் திசையில் சுழலும். இத்தகைய பொதுத்தரம் இருப்பதாலேயே ஒரு நிறுவனத்தின் டிராக்டரில் மற்றொரு நிறுவனத்தின் கருவியை இணைக்க முடிகிறது.

எஞ்சின் எவ்வேகத்தில் ஓடும்போது தண்டு 540 சுற்றுகளை அடையும் என்பது டிராக்டருக்கு டிராக்டர் வேறுபடும். இந்திய டிராக்டர்கள் பலவற்றில் இது ஏறத்தாழ 1,500 முதல் 1,900 சுற்றுகள் வரை அமையும். எஞ்சின் வேகமானியில் இதற்கெனக் குறியீடு இடப்பட்டிருக்கும், கையேட்டிலும் காணலாம். பயிற்சி பெறுபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய எண் இதுவே.

தண்டின் இயக்கம் கிளட்சோடு தொடர்புடையது. ஒற்றைக் கிளட்ச் உள்ள டிராக்டரில் பெடலை அழுத்தினால் வண்டியின் ஓட்டமும் தண்டின் விசையும் ஒருசேர நின்றுவிடும். இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டரில் பெடலைப் பாதியளவு அழுத்தினால் ஓட்டம் மட்டும் நிற்கும்; முழுமையாக அழுத்தினால்தான் தண்டு நிற்கும். புல் வெட்டும் பணிக்கு இரண்டாவது வகை ஏற்றது. அடர்ந்த புல் எதிர்ப்படும்போது வண்டியை நிறுத்தி, வெட்டுக்கருவி மட்டும் சுழன்று தன்னைத் துப்புரவாக்கிக்கொள்ள விட முடியும். சில டிராக்டர்களில் சக்கரத்தின் வேகத்திற்கேற்பத் தண்டு சுழலும் நிலை ஒன்றும் உண்டு. புல் வெட்டுவதற்கு அந்நிலை பொருந்தாது. எஞ்சின் வேக நிலையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

புல் வெட்டும் கருவிகளின் வகைகள்

முதல் வகை, கத்திப்பட்டைக் கருவி. முக்கோணக் கத்திகள் பதித்த நீண்ட பட்டை, விரல்கள் போன்ற காப்புகளுக்கிடையே இடமும் வலமுமாக ஓடிப் புல்லைக் கத்தரிக்கிறது. முடி திருத்தும் இயந்திரத்தின் செயல்முறையை இதற்கு ஒப்பிடலாம். தண்டு மெல்லியதாக உள்ள தீவனப் பயிர்களை இது சீராக வெட்டும். குறைந்த விசையே போதும். கல்லும் மேடுபள்ளமும் நிறைந்த நிலத்தில் கத்திகள் விரைவில் பழுதாகும்.

இரண்டாவது வகை, உருளை அல்லது வட்டத் தகடுகளின் விளிம்பில் சிறு கத்திகள் பொருத்திய சுழல் கருவி. அடர்ந்த பயிரிலும் அடைப்பின்றி விரைந்து வெட்டும் இக்கருவிக்குக் கூடுதல் விசை தேவை.

மூன்றாவது வகை, ஸ்லாஷர் எனப்படும் கருவி. இரும்புக் கூண்டின் கீழ் கனமான கத்திகள் தரைக்கு இணையாகச் சுழன்று களைகளைச் சிதைத்து வெட்டுகின்றன. மாந்தோப்புக் களைகளுக்கு ஏற்றது இதுவே. மாடுகளுக்குரிய தீவனத்தை இதனால் வெட்டுதல் கூடாது. புல் நைந்து மண்ணோடு கலந்துவிடும்.

இணைக்கும் முறை

கருவியை இணைக்கும்போது எஞ்சின் நிறுத்தப்பட்டு, சாவி எடுக்கப்பட்டு, கைப்பிரேக் போடப்பட்டிருக்க வேண்டும். மும்முனை இணைப்பின் கீழ்க் கரங்களையும் மேற்கரத்தையும் பொருத்திப் பூட்டு ஊசிகளை இட்ட பின்னரே, விசை கடத்தும் நெடுந்தண்டை இணைக்க வேண்டும்.

இந்நெடுந்தண்டு ஒன்றினுள் ஒன்று நழுவும் இரு பகுதிகளால் ஆனது. கருவி மேலும் கீழும் அசையும்போது அதன் நீளம் கூடிக் குறையும். மிக நீண்ட நிலையிலும் இரு பகுதிகளும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றினுள் ஒன்று அமைந்திருக்க வேண்டும். இல்லையேல் தண்டு கழன்று வீசியடிக்கும். மிகக் குறுகிய நிலையிலும் முனையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி எஞ்ச வேண்டும். இல்லையேல் தண்டு முட்டி, தாங்கிகளை உடைக்கும். இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நேராக அமைந்துள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். முனையைப் பொருத்தியபின் பூட்டுக்குமிழ் பள்ளத்தில் விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. மூட்டுகளுக்கு நாள்தோறும் கிரீஸ் இட வேண்டும்.

மிகையான பளு ஏற்படும்போது கருவியைக் காக்க ஷியர் போல்ட் அல்லது வழுக்குக் கிளட்ச் அமைக்கப்படுகிறது. ஷியர் போல்ட் முறிந்தால், அதற்குரிய போல்ட்டையே மாற்ற வேண்டும். கையில் கிடைத்த வலிய போல்ட்டைப் பொருத்தினால், அடுத்த முறை முறிவது போல்ட்டாக இராது; கியர்ப் பெட்டியாக இருக்கும். ஒற்றைக் கிளட்ச் டிராக்டரில் ஸ்லாஷரை இணைப்பவர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும். கிளட்சை அழுத்திய பின்னரும் கனமான கத்திகளின் சுழல் வேகம் தண்டின் வழியே சக்கரங்களைத் தொடர்ந்து தள்ளக்கூடும். ஒருவழிக் கிளட்ச் பொருத்தினால் இவ்விடர் நீங்கும்.

இயக்கும் முறை

வெட்டத் தொடங்கும் முன் நிலத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். கல், கம்பி, சொட்டுநீர்க் குழாய், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஆகியவற்றை அகற்றவோ அடையாளமிடவோ வேண்டும். பாறைத் துண்டுகள் மிகுந்த சித்தூர்ப் பகுதி நிலங்களில் இது தவிர்க்கக்கூடாத பணி.

கருவியைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கிளட்சை முழுமையாக அழுத்தி, தண்டின் நெம்புகோலை இணைக்க வேண்டும். பின்னர் பெடலை மெதுவாக விடுவித்து, கருவி அதிர்வின்றிச் சுழல்வதை உறுதி செய்துகொண்டு, 540 சுற்றுக்குரிய அளவுக்கு எஞ்சின் வேகத்தை உயர்த்த வேண்டும். அவ்வேகம் வந்த பின்னரே டிராக்டரை நகர்த்தல் வேண்டும்.

தொடக்கநிலை ஓட்டுநர்கள் செய்யும் பொதுவான பிழை, புல் அடர்ந்த இடத்தில் எஞ்சின் வேகத்தைக் குறைப்பதாகும். அவ்வாறு செய்தால் கத்தியின் வேகமும் குறைந்து, புல் வெட்டுப்படாமல் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் வேகத்தை மாற்றாமல், தாழ்ந்த கியரைத் தேர்ந்து டிராக்டரின் நகர்வை மட்டுமே குறைப்பது முறையாகும்.

மீண்டும் தழைக்கும் தீவனப் பயிர்களைத் தரைமட்டத்திலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுதல் நலம். மிகத் தாழ வெட்டினால் தூர்கள் சிதைந்து மறுதழைவு குன்றும். வரப்போரத்தில் திரும்பும்போது கருவியை உயர்த்தினால் தண்டின் மூட்டுகள் கடுங்கோணத்தில் வளையும். எனவே உயர்த்துமுன் விசையைத் துண்டிக்க வேண்டும்.

வினாடிக்கு ஒன்பது சுற்றுகள்

நிமிடத்திற்கு 540 சுற்றுகள் என்பது வினாடிக்கு ஒன்பது சுற்றுகளாகும். நெடுந்தண்டின் விட்டம் 7 சென்டிமீட்டர் எனில் அதன் சுற்றளவு ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். காப்புறை இல்லாத அத்தண்டில் சிக்கும் துணி, வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் வீதம் சுருட்டப்படும். தோளில் கிடக்கும் துண்டு ஒரு வினாடிக்குள் முழுவதும் சுற்றிவிடும். ஐந்தரை மீட்டர்ப் புடவைக்கு மூன்று வினாடிகள்கூட ஆகா. துணி சுற்றச்சுற்றத் தண்டின் பருமன் கூடி, இழுக்கும் வேகமும் கூடுகிறது. ஆபத்தை உணர்ந்து ஓட்டுநர் கிளட்சை அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வேட்டி, லுங்கி, தலைப்பாகை, புடவை முந்தானை, பின்னிய கூந்தல் ஆகியவை வழக்கமாக உள்ள நம் வயல்களில் இக்கணக்கு வெறும் எண் விளையாட்டு அன்று.

கத்தியின் வேகமும் கருதத்தக்கது. கியர்ப் பெட்டி வழியே நிமிடத்திற்கு 1,000 முறை சுழலும் 1.2 மீட்டர் விட்டமுள்ள ஸ்லாஷரில் கத்தி நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீட்டர். அந்நுனி தாக்கும் சிறு கல் எறிபடையாக மாறும். ஆகவே கூண்டின் பின்புறச் சங்கிலித் திரையைக் கழற்றுதல் கூடாது; வேலை நடக்கும் இடத்திற்கு அருகில் ஆட்களோ மாடுகளோ நிற்றலும் கூடாது.

இவற்றிலிருந்து பெறப்படும் விதிகள் சிலவே. தண்டின் காப்புறையும் டிராக்டரின் மேல்மறைப்பும் இல்லாமல் தண்டை இயக்குதல் ஆகாது. சுழலும் தண்டைத் தாண்டிச் செல்லுதல் ஆகாது. கருவியில் புல் அடைத்தால், விசையைத் துண்டித்து, கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, கத்திகள் அசைவற்று நிற்பதைக் கண்ணால் கண்ட பின்னரே இறங்கிச் செல்ல வேண்டும். ஒரு நிமிடமே பிடிக்கும் இவ்வொழுங்கைச் சோம்பலால் கைவிடுவதே பல உறுப்பிழப்புகளுக்குக் காரணமாகிறது.

வேலைத் திறனும் பொருத்தமும்

ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கருவி மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், கணக்களவில் ஒரு மணி நேரத்தில் 6,000 சதுர மீட்டர் வெட்டப்படும். திருப்பங்கள், தடைகள் ஆகியவற்றிற்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 4,500 சதுர மீட்டர், அதாவது ஒரு ஏக்கருக்குச் சற்று மேல், எஞ்சும்.

இரண்டு மூன்று மாடுகளை வளர்க்கும் சிறு உழவருக்கு நாள்தோறும் இவ்வளவு வேலை இராது. பார் பிடித்துக் கம்பு நேப்பியர் நட்ட சிறு பாத்திகளில் டிராக்டர் நுழைந்தால் தூர்களே நசுங்கும். எனவே இக்கருவி மாந்தோப்புகளுக்கும், பலர் சேர்ந்து நடத்தும் தீவனப் பண்ணைகளுக்குமே பொருந்தும். சிறு உழவருக்கு வாடகை முறையே பயன் தரும். 2014-15 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், இத்தகைய வாடகை மையங்களை அமைக்க உதவி வழங்கும் நோக்கம் உடையது. கருவியை வாடகைக்கு விடுவோர், காப்புறையின் நிலையைச் சோதித்து விடுவதையும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

பயிற்சியும் பொறுப்பும்

விசையால் இயங்கும் கதிரடிப்பு இயந்திரங்களில் சிக்கிக் கை இழந்தோரின் துயரம் 1983 இல் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்படக் காரணமாயிற்று. கதிரடிக்கும் இயந்திரத்தையும் புல் வெட்டும் கருவியையும் இயக்குவது ஒரே விசைத்தண்டே ஆதலின், அப்படிப்பினை இங்கும் பொருந்தும்.

பயிற்சி வாய்ப்புகள் இப்பகுதிக்குத் தொலைவில் இல்லை. அனந்தபூர்ப் பகுதியிலுள்ள கார்லதின்னெயில் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் 1983 முதல் பணியாற்றி வருகிறது. திருப்பதியில் 1961 இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா வேளாண்மைக் கல்லூரியும், 1955 இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. தீவனம் வளர்க்கக் கற்பிக்கும் முகாம்களிலேயே அதனை வெட்டும் கருவியின் பாதுகாப்பையும் அரை மணி நேரம் செய்து காட்டினால் பெரும்பயன் விளையும். அப்பயிற்சி டிராக்டர் ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. வெட்டிய புல்லைத் திரட்டக் கருவியின் பின்னே வரும் பெண்களும் அதில் இடம் பெற வேண்டும். ஏனெனில் சுழலும் தண்டுக்கு மிக அருகில் நடப்பவர்கள் அவர்களே.

இயந்திரம் மனித உழைப்பைக் குறைக்க வந்தது. அதனை இயக்குவோரின் உடலுக்கு ஊறு நேராதபோதுதான் அந்நோக்கம் நிறைவேறும். காப்புறை, சரியான வேகம், இறங்குமுன் எஞ்சினை நிறுத்தும் பழக்கம் ஆகிய மூன்றும் கைவரப்பெற்றவரே விசைத்தண்டை இயக்கத் தகுதி பெற்றவர் ஆவார்.